நின்ற கார் ஏன் பின்னால் போகிறது? பிரேக் கணக்குச் சண்டை

ஜூன் 4, மாலை 6.10 (வாசகர் கேள்வி)

ஐயா, என் மகன் பதினோராம் வகுப்பு. கணக்கு இதுதான்: மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் செல்லும் காரில் பிரேக் போடப்படுகிறது. எதிர்முடுக்கம் 5 மீ/வி². பிரேக் போட்ட பிறகு 6 வினாடியில் கார் கடக்கும் தொலைவு என்ன? விடைக்குறிப்பில் 30 மீட்டர் என்று இருக்கிறது. மகன் 40 என்று எழுதி மதிப்பெண் இழந்து வந்திருக்கிறான். வகுப்பில் மற்ற எல்லோருக்கும் 30 வந்திருக்கிறதாம். யார் சரி? நான் வணிகவியல் படித்தவள், எனக்குப் புரியும்படி சொல்லவும்.

ஜூன் 4, இரவு 9.40

மகன் சரி. விடைக்குறிப்பு தவறு. வகுப்பில் மற்ற எல்லோரும் சேர்ந்து தவறு செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

72ஐ 5/18ஆல் பெருக்கினால் வினாடிக்கு 20 மீட்டர். ஒவ்வொரு வினாடியும் அதில் 5 குறைகிறது. நான்காவது வினாடி முடியும்போது கையில் ஒன்றும் மிஞ்சாது. கடையில் 20 ரூபாயோடு போய் வினாடிக்கு 5 ரூபாய் செலவு செய்பவர் நான்கு வினாடியில் வெளியே வந்துவிட வேண்டும். ஆறு வினாடி உள்ளே இருந்தால் கடன்தான். விடைக்குறிப்பு எழுதியவர் காருக்குக் கடன் கொடுத்திருக்கிறார்.

வினாடி வாரியாகப் பாருங்கள். முதல் வினாடியில் 17.5 மீட்டர், இரண்டாவதில் 12.5, மூன்றாவதில் 7.5, நான்காவதில் 2.5. மொத்தம் 40. (விகிதம் 7:5:3:1. கீழே விழும் பொருளுக்கு கலீலியோ கண்ட 1, 3, 5, 7 இங்கே தலைகீழாக நிற்கிறது.) அதற்குப் பிறகும் சூத்திரத்தைத் தொடர்ந்து ஓட்டினால் ஐந்தாவது வினாடிக்கு மைனஸ் 2.5, ஆறாவதுக்கு மைனஸ் 7.5. அதாவது கார் பத்து மீட்டர் பின்னால் வருகிறது. 40இல் 10 போனால் 30. விடைக்குறிப்பின் 30 இப்படிப் பிறந்ததுதான்.

எந்தக் கணக்கானாலும் முதலில் நிற்கும் நேரத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கேட்ட நேரம் அதைவிட அதிகம் என்றால், சூத்திரத்தில் நிற்கும் நேரத்தைத்தான் போட வேண்டும்.

ஜூன் 5, காலை 7.05

ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்: 30 என்பது இடப்பெயர்ச்சி, 40 என்பது தொலைவு, இரண்டும் சரியாம். இல்லை. இந்தக் காருக்கு இரண்டுமே 40. மேலே எறிந்த பந்துக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். பந்து உச்சியில் ஒரு கணம் நின்றாலும் புவியீர்ப்பு அதை விடுவதில்லை, கீழே இழுத்துக்கொண்டேதான் இருக்கிறது. பிரேக் அப்படி அல்ல. உராய்வு ஓட்டத்தை எதிர்க்கும். ஓட்டம் இல்லையென்றால் சமதளச் சாலையில் அதற்கு வேலையே இல்லை. கார் நின்ற அந்த நொடியே முடுக்கமும் பூஜ்யமாகிவிடுகிறது. சமன்பாட்டுக்கு இது தெரியாது. முடுக்கம் மாறாது என்று சொல்லி நாம் அதைக் கிளப்பிவிட்டோம், அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

நானும் முதல் சில ஆண்டுகள் இதைச் சொல்லாமல்தான் பாடம் நடத்தினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மாணவி ஒருத்தி எழுந்து, "சார், டிரைவர் ரிவர்ஸ் கியர் எப்போது போட்டார்?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்து மழுப்பிவிட்டு, வீட்டுக்கு வந்து வரைபடம் போட்டுப் பார்த்தேன். சிரித்தது தவறு என்று அப்போதுதான் தெரிந்தது.

ஜூன் 5, மதியம் 1.30

இதே காரை வைத்து இன்னொரு விளையாட்டு. "30 மீட்டரை எப்போது கடக்கும்?" என்று கேட்டால் இருபடிச் சமன்பாடு வருகிறது: நேரத்தின் வர்க்கம், கழித்தல் 8 நேரம், கூட்டல் 12, சமம் பூஜ்யம். விடை 2 வினாடி, 6 வினாடி. இரண்டில் 6ஐத் தூக்கிப் போட வேண்டும். அது ரிவர்ஸ் கியரின் விடை. ஏன் தூக்கிப் போட்டாய் என்று ஒரு வரி எழுதினால்தான் நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

"45 மீட்டரை எப்போது கடக்கும்?" வர்க்கமூலத்துக்குள் மைனஸ் வந்து நிற்கும். பிள்ளைகள் பதறி, எங்கேயோ கூட்டலில் பிழை என்று அழித்து அழித்து எழுதுவார்கள். பிழையே இல்லை. கார் அங்கே வராது என்று கணிதம் தன் பாஷையில் சொல்கிறது.

ஜூன் 5, மதியம் 1.42

கவனித்தீர்களா, நம் பாடநூல் உலகத்தில் எல்லா வண்டிகளும் 36, 54, 72, 90, 108இல்தான் ஓடும். 18ஆல் வகுபடாத வேகத்தில் போக யாருக்கும் உரிமம் கிடையாது. 65இல் போகும் ஒரு காரை நான் கேள்வித்தாளில் பார்த்ததே இல்லை.

ஜூன் 7, இரவு 10.15

மைனஸ் குறி பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். "எதிர்முடுக்கம் −5 மீ/வி²" என்று சில கேள்வித்தாள்களில் அச்சடித்திருப்பது பெரிய வம்பு. எதிர் என்று சொல்லிலேயே வந்துவிட்டது. மறுபடி மைனஸ் எதற்கு? இரண்டையும் எடுத்துக்கொண்டு, மைனஸ் இன்ட்டு மைனஸ் பிளஸ் என்று போட்டு, பிரேக் பிடித்த காரை வேகமாக ஓடவிட்ட விடைத்தாள்களை நான் திருத்தியிருக்கிறேன். என் பழக்கம்: முதலில் ஓர் அம்புக்குறி வரைந்து, கார் போகும் திசை பிளஸ் என்று எழுதிவிட வேண்டும். பிறகு முடுக்கம் என்ற இடத்தில் −5. "எதிர்முடுக்கம்" என்று சொல்லில் எழுதினால் வெறும் 5. ஏதாவது ஓர் இடத்தில்தான் எதிர்ப்பு இருக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் படித்த நண்பர் ஒருவர் இதைப் படித்துவிட்டு, தங்களுக்கு இந்தக் குழப்பமே வந்ததில்லை என்கிறார். அங்கே கூடுவது ஆர்முடுகல், குறைவது அமர்முடுகல். இரண்டும் தனித்தனிச் சொற்கள். அமர்முடுகல் 5 என்றால் 5தான். சொல்லைக் கேட்டாலே வண்டி அமர்வது போல் இருக்கிறது, எனக்குப் பொறாமையாக இருக்கிறது. ஆனால் வேறோர் இடத்தில் நாங்கள் இருவரும் மோதிக்கொண்டோம். நமக்கு வேகம் என்பது திசை இல்லாதது, திசையோடு சொன்னால் திசைவேகம். அவர்களுக்கு வேகம் என்றாலே திசையுண்டு, திசை இல்லாதது கதி. அரை மணி நேரம் ஒரே கருத்தை இரண்டு பேரும் மறுத்துக்கொண்டிருந்தோம்.

ஜூன் 8, காலை 6.50

கேள்வி கேட்ட அம்மையாருக்கு: நீங்கள் ஸ்கூட்டர் ஓட்டுவதாக எழுதியிருந்தீர்கள். அதனால் இது உங்களுக்கு. 40 மீட்டரில் நிற்கும் அந்த கார், 30 மீட்டர் கடந்திருக்கும்போது என்ன வேகத்தில் இருக்கும்? முக்கால் பங்கு தூரம் முடிந்துவிட்டது, வேகமும் கால் பங்காகியிருக்கும் என்றுதான் மனம் சொல்லும். கணக்கு: தொடக்க வேகம் 20இன் வர்க்கம் 400, அதில் 2 × 5 × 30 ஆன 300ஐக் கழித்தால் மீதி 100. அதன் வர்க்கமூலம் 10. மணிக்கு 36 கி.மீ. பாதி வேகம் அப்படியே இருக்கிறது. கடைசிப் பத்து மீட்டரில்தான் மீதிப் பாதி கரைகிறது.

இன்னொன்று. பக்கத்திலேயே 90இல் ஒருவன் வருகிறான், அதே பிரேக், அதே இடத்தில் மிதிக்கிறான். 72இல் வந்தவன் நின்றுவிட்ட 40ஆவது மீட்டரில் இவன் வேகம் என்ன? 625 கழித்தல் 400, 225, மூலம் 15. மணிக்கு 54 கி.மீ.! கூடுதலாக ஓட்டியது 18, மோதும்போது இருப்பது 54. 15, 20, 25. பித்தாகரஸ் நடுரோட்டில் நிற்கிறார். 90ஐயும் 72ஐயும் கழித்து 18இல் மோதுவான் என்று எழுதும் பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் போட்டுக் காட்டுவேன்.

ஜூன் 8, இரவு 9.20

காலையில் எழுதியதில் இருவரும் மூளையில்லாத இயந்திரங்கள் போலப் பார்த்த கணமே மிதித்துவிட்டார்கள். மனிதனுக்கு எதிர்வினை நேரம் உண்டு. வகுப்பில் அளவுகோலைத் தொங்கவிட்டு, திடீரென விட்டு, எதிரே இருப்பவனைப் பிடிக்கச் சொல்லும் சோதனை எல்லோருக்கும் தெரியும். 21 செ.மீ. நழுவினால் சுமார் 0.2 வினாடி. ஆனால் அங்கே விரல்கள் அளவுகோலின் இரு பக்கமும் காத்திருக்கின்றன. சாலையில் கால் ஆக்சிலரேட்டரில் இருக்கிறது, மனம் வீட்டுக் கடனில் இருக்கிறது.

பிரிட்டனின் நெடுஞ்சாலை விதிக் கையேட்டில் உள்ள எண்கள் பாடம் நடத்த மிக வசதி. மணிக்கு 30 மைலில் (சுமார் 48 கி.மீ.) யோசிக்கும் தூரம் 9 மீட்டர், பிரேக் தூரம் 14, மொத்தம் 23. 60 மைலில் யோசிக்க 18, பிரேக்குக்கு 55, மொத்தம் 73. வேகம் இரட்டித்ததும் முதல் எண் இரட்டிக்கிறது, இரண்டாவது எண் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. முதல் பகுதி சீரான வேகம், இரண்டாவது பகுதி சீரான எதிர்முடுக்கம். மாணவர்கள் இரண்டையும் ஒரே சூத்திரத்தில் திணிப்பதுதான் பாதித் தவறுகளுக்குக் காரணம். தாளில் நடுவே ஒரு கோடு போட்டு, கோட்டுக்கு இந்தப் பக்கம் கால் நகரவில்லை, அந்தப் பக்கம் மிதித்துவிட்டார் என்று எழுதச் சொல்வேன். ஒன்பதை 13.4ஆல் வகுத்தால் யோசிக்கும் நேரம் 0.67 வினாடி. கவனமாக இருப்பவருக்கு. செல்பேசியைப் பார்ப்பவருக்கு அல்ல.

ஜூன் 9, மாலை 5.30

செய்தே பார்த்தோம். பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு, அதற்கு முன் 20 மீட்டர் நேர்ப்பாதை, ஸ்டாப்வாட்ச், தையற்காரரிடம் இரவல் வாங்கிய நாடா (1.5 மீட்டர்தான் இருந்தது, மூன்று முறை வைத்து அளந்தோம்). சைக்கிள் 20 மீட்டரை 4 வினாடியில் கடந்து, கோட்டில் இரண்டு பிரேக்கும் பிடித்தபோது 3.9 மீட்டரில் நின்றது. 6 வினாடியில் கடந்து பிடித்தபோது 1.9 மீட்டர்.

வேகம் 5க்கு 3.33, ஒன்றரை மடங்கு. தூரம் 2.25 மடங்காக வர வேண்டும், வந்தது 2.05. நாடாவின் மேல் பழி போட்டுவிட்டுப் போகலாம் என்று பார்த்தேன். ஒரு பையன் விடவில்லை. கோட்டைத் தாண்டிய பிறகு விரல் பிடியை இழுத்து முடிக்க ஆகும் நேரத்தையும் சேர்த்தால்? 0.15 வினாடி என்று வைத்து, எதிர்முடுக்கம் 4 என்று வைத்தால் இரண்டு அளவும் அச்சாகப் பொருந்துகின்றன: 0.75 கூட்டல் 3.1, 0.5 கூட்டல் 1.4. இரண்டு அளவுக்கு இரண்டு தெரியாத எண்கள் என்றால் எதுவும் பொருந்தும்தான். அதை அவனிடம் சொல்ல மனம் வரவில்லை. நாளைக்கு மூன்றாவது வேகம் ஒன்று எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 11, இரவு 8.00

இரண்டு வண்டிக் கணக்கு கேட்டிருந்தார்கள். இதோ. முன்னால் வேன், பின்னால் கார், இரண்டும் வினாடிக்கு 20 மீட்டர், இடைவெளி 3 மீட்டர். வேன் 4 மீ/வி² எதிர்முடுக்கத்தில் பிரேக் போடுகிறது. கார்க்காரர் 1 வினாடி கழித்து 8 மீ/வி²இல் மிதிக்கிறார். மோதுமா?

நிற்கும் தூரத்துக்கு வேகத்தின் வர்க்கத்தை எதிர்முடுக்கத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும்: வேன் நிற்க 400/8, 50 மீட்டர். கார் முதல் வினாடியில் 20, பிறகு 400/16, 25, மொத்தம் 45. வேன் நிற்கும் இடம் 53, கார் நிற்கும் இடம் 45. இடையே 8 மீட்டர் மிச்சம். மோதாது. பார்த்தீர்களா, இரண்டே வரி.

ஜூன் 12, காலை 5.40

மேலே உள்ள விடை தவறு. அழிக்கவில்லை, இருக்கட்டும்.

தூக்கம் வராமல் வரைபடம் போட்டேன். முதல் வினாடி முடியும்போதே வேன் 18 மீட்டர்தான் போயிருக்கிறது, கார் 20. இடைவெளி 1 மீட்டராகச் சுருங்கிவிட்டது. அப்போது வேனின் வேகம் 16, காரின் வேகம் இன்னும் 20. கார் பலமாக மிதித்தாலும், நெருங்கும் வேகமான 4 பூஜ்யமாவதற்குள் இன்னும் 2 மீட்டர் நெருங்கியாக வேண்டும். இருப்பதோ 1. ஆகவே 1.29ஆவது வினாடியில் இடித்துவிடுகிறது, வினாடிக்கு 2.8 மீட்டர் வித்தியாசத்தில். மணிக்குப் பத்து கி.மீ. பம்பர் போகும். இடிக்காமல் இருக்க 4 மீட்டருக்கு மேல் இடைவெளி வேண்டும்.

நான் நின்ற பிறகான படத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். நடுவில் கார் வேனுக்குள் புகுந்து மறுபக்கம் வந்து, வேன் அதைத் திரும்ப முந்திப் போனாலும் என் இரண்டு வரிக்கு அது தெரிந்திருக்காது. விடைக்குறிப்பு எழுதியவரைத் திட்டியவன் நான்தான், நினைவிருக்கிறது.

ஜூன் 14, மாலை 4.00

"லோடு ஏற்றிய லாரி தாமதமாகத்தானே நிற்கும், சூத்திரத்தில் நிறையே இல்லையே?" என்று ஒரு கேள்வி. உராய்வு விசை எடைக்கு ஏற்பக் கூடுகிறது, நிறையும் அதே அளவு கூடுகிறது, வகுத்தால் அடிபட்டுவிடும். உராய்வுக் குணகம் 0.7 என்றால் எதிர்முடுக்கம் சுமார் 6.9, காலி லாரிக்கும் நிறைந்த லாரிக்கும் ஒன்றே.

ஜூன் 14, இரவு 9.00

சாப்பிடும்போது இதை அப்பாவிடம் சொன்னேன். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, "பொங்கலுக்கு மறுநாள் நூறு பேரை ஏற்றிக்கொண்டு ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்" என்றார். மேற்கொண்டு பேசவில்லை.

அவர் சொல்வதுதான் சரி என்று கை கழுவும்போது புரிந்தது. நிறை அடிபடுவது எப்போது? சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் அளவுக்கு பிரேக் பலம் இருந்து, தரைப்பிடிதான் எல்லை என்கிறபோது. பிரேக்கே எல்லை என்றால் விசை மாறாது, நிறை மட்டும் கூடும். 10 டன் பஸ்ஸை 50 கிலோநியூட்டன் விசை பிடித்தால் எதிர்முடுக்கம் 5, 72இல் வந்தால் நிற்க 40 மீட்டர். அதே விசை 15 டன்னைப் பிடித்தால் 3.3தான், 60 மீட்டர். மாலையில் எழுதியதைப் பாதி வாபஸ் வாங்குகிறேன்.

ஜூன் 15, காலை 7.30

அப்பா காலையிலும் விடவில்லை. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் வழித்தடத்தில் ஓட்டியவர். இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வருபவன் டிரைவரே இல்லை, ஏறிய கியரில் இறங்க வேண்டும் என்பார். கணக்குப் போட்டேன். 15 டன், சுமார் 1700 மீட்டர் இறக்கம். 250 மெகாஜூல். மின்வாரிய பாஷையில் ஏறத்தாழ 70 யூனிட். அதை முழுவதும் பிரேக் டிரம்மில் கொட்டினால் டிரம் காய்ந்து, பிடிப்பு தளர்ந்து, "சீரான எதிர்முடுக்கம்" என்ற நம் முதல் வரியே பொய்யாகிவிடும். மலையில் 5 என்பது ஐந்தாகவே இருக்காது. இருபதுக்கு ஒன்று என்ற சரிவே அதில் 0.5ஐத் தின்றுவிடும்.

ஜூன் 17, இரவு 10.40

ரயில் கேட்டவருக்குச் சுருக்கமாக. இரும்பின் மேல் இரும்பு, பிடிப்பு குறைவு. 110 கி.மீ. வேகத்தில் வரும் ரயிலுக்கு 0.5 மீ/வி² என்று வைத்தால் 934 மீட்டர், ஒரு நிமிடம். முன்னறிவிப்பு சிக்னலை நிறுத்த வேண்டிய சிக்னலுக்கு ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே நட்டு வைப்பது ஏன் என்று இப்போது விளங்கும். ஓட்டுநர் கண்ணால் பார்த்து நிறுத்தும் வண்டியே அல்ல அது. கோயம்புத்தூருக்கும் பாலக்காட்டுக்கும் நடுவே தண்டவாளத்தில் யானை நிற்கும்போது நடப்பதும் இந்தக் கணக்குதான். வளைவில் திரும்பியதும் யானை 150 மீட்டரில் தெரிந்தால், மணிக்கு 45 கி.மீ.இல் வந்தால்கூட 156 மீட்டர் வேண்டும். மதுக்கரையில் 2024இல் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்களை வைத்தது யானையை முன்கூட்டியே பார்த்துச் சொல்வதற்காக. பிரேக்கை வலுவாக்க முடியாதபோது, பார்க்கும் தூரத்தை நீட்டுகிறார்கள்.

ஜூன் 17, இரவு 10.55

மைதானத்துப் பையனின் மூன்றாவது அளவு: 20 மீட்டர் 5 வினாடி, நின்றது 2.6 மீட்டர். நம் 0.15உம் 4உம் சொல்வது 0.6 கூட்டல் 2, அதே 2.6. அவன் ஆடிய ஆட்டத்தை நான் எழுதப்போவதில்லை.

ஜூன் 21, மாலை 6.20 (வாசகர்)

ஐயா, ஆசிரியர் 40ஐ ஏற்றுக்கொண்டு மதிப்பெண்ணைத் திரும்பக் கொடுத்துவிட்டார். நன்றி. ஆனால் நேற்றைய தேர்வில் ஒரு சிக்கல். வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் கல்லை மேல்நோக்கி எறிந்தால் 3 வினாடியில் எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்று கேட்டிருக்கிறார்கள். இவன் நீங்கள் சொன்னபடி முதலில் நிற்கும் நேரம் 2 வினாடி என்று கண்டுபிடித்து, 3க்குப் பதில் 2ஐப் போட்டு, 20 மீட்டர் என்று எழுதியிருக்கிறான். விடை 15 என்கிறார்கள். இப்போது யார் சரி?

ஜூன் 21, இரவு 9.10

கல்லை வானத்திலேயே நிறுத்திவிட்டான். விடைக்குறிப்பு சரி, புவியீர்ப்பு முடுக்கம் 10 என்று வைத்தால் 15தான்.

தவறு அவனுடையது மட்டுமல்ல. ஜூன் 4இல் "எந்தக் கணக்கானாலும்" என்று நான்தான் எழுதியிருக்கிறேன், போய்ப் பார்த்தேன். மறுநாள் காலை பந்து பற்றி எழுதியதை அவன் படிக்கவில்லை போலும். அந்த வார்த்தையை "பிரேக் கணக்கானால்" என்று திருத்திக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த மதிப்பெண்ணை என் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.